பிள்ளைகளுக்கும் பிபி வரும்... எப்போது பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்?

விழுப்புரம் மாவட்டம் முகையூர் வட்டாரத்தில் 'பிபி மாத்திரை' என்ற சொல்லைத் தெரியாத வீடு இன்று அநேகமாக இருக்காது. 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு, தாத்தா பாட்டிகளுக்கு வீட்டு வாசலிலேயே பிபி பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆனால், அதே வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்கோ பேத்திக்கோ யாராவது ஒருமுறை பிபி பார்த்திருப்பார்களா? பெரும்பாலான வீடுகளில் பதில், 'சின்னப் பிள்ளைக்கு எதுக்குங்க பிபி?' என்பதாகத்தான் இருக்கும்.

காரணம் இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-18 ஆண்டுகளில் நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 100-க்கு 5 பேருக்கு ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது. ஒரே நாளில் அளந்த கணக்கு என்பதால், திரும்பத் திரும்ப அளந்தால் இந்த எண்ணிக்கை குறையலாம். அப்படிக் குறைந்தாலும், ஒரு பெரிய பள்ளியில் ஒன்றிரண்டு வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது இருக்க வாய்ப்புண்டு. உலக அளவிலும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 4 பேருக்கு இந்தப் பிரச்னை இருப்பது தெரிய வந்தது.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. ஓடுவார்கள், ஆடுவார்கள், பள்ளிக்குப் போவார்கள். அளந்து பார்த்தால்தான் தெரியும். அதையும் சரியாக அளந்தால்தான் தெரியும்.

120/80 கணக்கு பிள்ளைகளுக்குச் செல்லாது

பிபி என்றாலே '120-க்கு 80 இருந்தா நார்மல்' என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். இது பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளின் ரத்த அழுத்தம் பிறந்தது முதல் வயதோடும் உயரத்தோடும் சேர்ந்து ஏறிக்கொண்டே வரும். 6 வயதுப் பிள்ளைக்கு 118/78 என்று வந்தால், 'நல்லாத்தான் இருக்கு' என்று அனுப்பிவிடக் கூடாது. அந்த வயதுக்கு அது அதிகம்.

அதனால்தான் குழந்தைகள் நல மருத்துவர்கள் வயது, உயரம், ஆணா பெண்ணா என்ற மூன்றையும் வைத்துத் தயாரித்த அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அந்தப் பெரிய அட்டவணை நமக்குத் தேவையில்லை. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவ அகாடமி 2017-ல் வெளியிட்ட எளிய பட்டியல் ஒன்று இருக்கிறது. மேல் அளவு, கீழ் அளவு இரண்டில் ஏதாவது ஒன்று இந்த எண்ணைத் தொட்டாலே மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

• 5 வயது: பையன் 103/63, பெண் 104/64
• 8 வயது: இருவருக்கும் 107/69
• 10 வயது: பையன் 108/72, பெண் 109/72
• 12 வயது: பையன் 113/75, பெண் 114/75
• 13 வயதும் அதற்கு மேலும்: இருவருக்கும் 120/80

இந்த எண் வந்துவிட்டாலே நோய் என்று பயப்பட வேண்டாம். வயதுக்கு உயரமான பிள்ளைக்கு இதைவிடச் சற்று அதிகமாக இருந்தாலும் இயல்பாகவே இருக்கலாம். 'இன்னொரு முறை நிதானமாகப் பார்' என்று சொல்லும் எச்சரிக்கை மணிதான் இது.

யாருக்கு, எப்போது பார்க்க வேண்டும்?

3 வயது முடிந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. உடல் எடை மிக அதிகமாக இருப்பவர்கள், சர்க்கரை நோய் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை எடுப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தை, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் குழந்தை... இவர்களுக்கு 3 வயது வரை காத்திருக்கக் கூடாது. முன்கூட்டியே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பட்டை தப்பானால் எண்ணும் தப்பு

பிள்ளைகளுக்கு பிபி பார்ப்பதில் அதிகம் நடக்கும் தவறு, பெரியவர்களுக்கான பட்டையைச் சின்னக் கையில் சுற்றுவதுதான். கைக்குப் பட்டை பெரிதாக இருந்தால் பிபி குறைவாகக் காட்டும். இருக்கும் நோய் மறைந்துபோகும். பருமனான பிள்ளையின் கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அதிகமாகக் காட்டும். இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும்.

பட்டைக்குள் காற்று நிரம்பும் பை ஒன்று இருக்கும். அதன் அகலம் மேற்கைச் சுற்றளவில் குறைந்தது 40 சதவிகிதமும், நீளம் 80 முதல் 100 சதவிகிதமும் இருக்க வேண்டும். மேற்கைச் சுற்றளவு 20 செ.மீ என்றால், பை 8 செ.மீ அகலமும் 16 முதல் 20 செ.மீ நீளமும் இருக்க வேண்டும்.

சரியாக அளக்க இன்னும் சில விஷயங்கள் முக்கியம்.

• ஓடி வந்தவுடன், அழுதவுடன், ஊசி போட்டவுடன் பார்க்கக் கூடாது. 3 முதல் 5 நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும்.
• முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால் தரையில் படும்படி இருக்க வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது.
• வலது கையில் பார்க்க வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றக் கூடாது.
• அளக்கும்போது பிள்ளையும் பேசக் கூடாது, நாமும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

ஏன் வலது கை? உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஓரிடத்தில் சுருங்கி இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இடது கையில் அளந்தால் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடலாம். சந்தேகம் வந்தால் மருத்துவர் காலிலும் பிபி பார்ப்பார். கையைவிடக் காலில் குறைவாக இருந்தால், அந்தச் சுருக்கம் இருக்கிறதா என்று எக்கோ எடுக்கச் சொல்வார்.

பேட்டரியில் ஓடும் மெஷினில் அதிகமாக வந்தால், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு அளக்கும் முறையில் மறுபடி உறுதி செய்ய வேண்டும்.

ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு இல்லை

வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே சில பிள்ளைகளுக்கு நெஞ்சு படபடக்கும், பிபியும் ஏறும். வீட்டுக்கு வந்தால் இறங்கிவிடும். அதனால், வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அளந்தும் அதிகமாக இருந்தால்தான் 'உயர் ரத்த அழுத்தம்' என்று உறுதி செய்வார்கள். தேவைப்பட்டால், 24 மணி நேரமும் கையில் கட்டியிருந்து தூங்கும்போதுகூட அளக்கும் கருவியைப் பொருத்துவார்கள்.

13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கணக்கு எளிது.

• 120/80-க்குக் கீழே: இயல்பு.
• மேல் அளவு 120 முதல் 129, கீழ் அளவு 80-க்குக் கீழே: சற்று அதிகம். உணவையும் பழக்கத்தையும் மாற்றி, 6 மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.
• 130/80 முதல் 139/89 வரை: முதல் நிலை. ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.
• 140/90-ம் அதற்கு மேலும்: இரண்டாம் நிலை. ஒரு வாரத்துக்குள் நிபுணரிடம் காட்ட வேண்டும்.
• 180/120-க்கு மேல், அல்லது அதிக பிபியோடு தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு: அன்றே, அப்போதே மருத்துவமனை.

13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதே நிலைகளை அட்டவணை பார்த்து மருத்துவர் சொல்வார்.

சின்னப் பிள்ளைக்குக் கிட்னி, பெரிய பிள்ளைக்கு எடை

பெரியவர்களுக்கு பிபி வந்தால் 'டென்ஷன்' என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. அதிலும் 6 வயதுக்குக் கீழே பிபி அதிகம் என்றால், உள்ளே வேறு ஏதோ காரணம் இருக்கிறது என்றுதான் மருத்துவர்கள் தேடத் தொடங்குவார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது சிறுநீரகத்தை. சிறுநீரகத்தில் தழும்பு, பிறவிக் குறைபாடு, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, பெருந்தமனிச் சுருக்கம், தைராய்டு மற்றும் அட்ரீனல் சுரப்பிக் கோளாறுகள் என்று பட்டியல் நீளும். ஒல்லியான பிள்ளைக்கு பிபி வராது என்பது இதனால்தான் தவறு.

கிராமத்துப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. காலில், கையில் வரும் சிரங்குப் புண்ணை 'மஞ்சள் பூசினா காஞ்சிடும்' என்று விட்டுவிடுகிறோம். அந்தப் புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருந்தால், புண் ஆறி 3 முதல் 6 வாரம் கழித்து சிறுநீரகம் வீங்கலாம். தொண்டைப் புண்ணுக்குப் பிறகு இதுவே ஒன்றிரண்டு வாரத்தில் வரலாம். காலையில் எழுந்ததும் முகமும் கண்ணிமையும் உப்பியிருக்கும். சிறுநீர் குறையும், கடுங்காப்பி நிறத்தில் போகும். அந்த நேரத்தில் பிபி திடீரென ஏறி வலிப்புகூட வரலாம். உரிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். முகம் உப்பியிருப்பதைப் பார்த்து 'பிள்ளை சதை போட்டிருக்கு' என்று நினைத்து நாள் கடத்துவதுதான் ஆபத்து.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளின் கதை வேறு. இங்கே பெரும்பாலும் அதிக எடை, உப்பு மிகுந்த தீனி, ஓடியாடாமல் இருப்பது, குடும்பத்தில் பிபி இருப்பது ஆகியவை சேர்ந்து வேலை செய்கின்றன. தினமும் சத்தமாகக் குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுவும் பிபியை ஏற்றும்.

மருந்துகளையும் மறக்க வேண்டாம். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில சளி மருந்துகள், ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவை பிபியை உயர்த்தும். இருமலுக்கு நல்லது என்று அதிமதுரத்தை அதிக அளவில் நாள்கணக்கில் கொடுத்தாலும் பிபி ஏறும். மருத்துவரிடம் போகும்போது நாட்டு மருந்து, கடை மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

என்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

பெரும்பாலும் எளிய சோதனைகளிலிருந்துதான் தொடங்குவார்கள். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கொழுப்பு அளவு ஆகியவை முதலில். எடை அதிகமான பிள்ளைக்குச் சர்க்கரையும் பார்ப்பார்கள். 6 வயதுக்குக் கீழே என்றாலோ, சிறுநீரில் மாற்றம் தெரிந்தாலோ வயிற்று ஸ்கேன் எடுத்து சிறுநீரகத்தைப் பார்ப்பார்கள். மாத்திரை தொடங்க வேண்டும் என்ற நிலை வந்தால், நாள்பட்ட அழுத்தத்தால் இதயச் சுவர் தடித்திருக்கிறதா என்று அறிய எக்கோ எடுப்பார்கள்.

உப்பு விளையும் மாவட்டத்தில் உப்பைக் குறைப்பது எப்படி?

மரக்காணம் உப்பளங்கள் இருக்கும் மாவட்டம் இது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் இல்லாமல் சாப்பாடு இறங்காத வீடுகள் நிறைய. பெரியவர்கள் ஒரு நாளைக்கு எல்லா உணவும் சேர்த்து 5 கிராம் உப்புக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன்தான் அது. பிள்ளைகளுக்கு அதைவிடவும் குறைவு.

பிள்ளைக்கு மட்டும் தனியாக உப்பில்லாமல் சமைத்தால் அது இரண்டு நாள்கூட நிலைக்காது. வீட்டுக்கே குறைப்பதுதான் வழி.

• சோறு வடிக்கும்போது உப்புப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்தலாம். குழம்பில் இருக்கும் உப்பே போதும்.
• சாப்பிடும் இடத்தில் உப்பு ஜாடியை வைக்க வேண்டாம்.
• அப்பளம், வடகம், ஊறுகாய், கருவாடு என ஒரே வேளையில் இரண்டு மூன்றைச் சேர்க்க வேண்டாம். என்றைக்காவது ஒன்று போதும்.
• பள்ளி விட்டு வரும்போது வாங்கும் சிப்ஸ், குர்குரே, மிக்சர், நூடுல்ஸ் பாக்கெட்டுகளில்தான் கண்ணுக்குத் தெரியாத உப்பு அதிகம். பாக்கெட்டின் பின்பக்கம் 'சோடியம்' எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.
• அதற்குப் பதில் அவித்த வேர்க்கடலை, சுண்டல், வெள்ளரிக்காய், கொய்யா கொடுக்கலாம். சுண்டலில் உப்பைக் குறைத்து எலுமிச்சை பிழிந்தால் ருசி குறையாது.

கீரை, காய்கறி, பருப்பு, பழம், மோர் ஆகியவை நல்லவை. ஆனால் சிறுநீரக நோய் உள்ள பிள்ளைக்கு வாழைப்பழம், இளநீர் போன்றவற்றில் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். 'பிபிக்கு நல்லது' என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம் இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டமோ ஆட்டமோ வேண்டும். சைக்கிள், கபடி, ஸ்கிப்பிங் எதுவானாலும் சரி. இரண்டாம் நிலை பிபி உள்ளவர்கள் மட்டும், அது கட்டுக்குள் வரும்வரை பளு தூக்குதல் போன்ற கடும் போட்டிகளைத் தவிர்க்க வேண்டும். தூக்கமும் மருந்துதான். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம்.

எடை குறைக்கிறேன் என்று பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். சொந்தக்காரர்கள் முன்னால் 'குண்டு' என்று சொல்ல வேண்டாம். வளரும் பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்று உயரம் கூடினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மாத்திரை எப்போது?

பிபிக்கு எடையும் பழக்கமும்தான் காரணம், தொந்தரவும் இல்லை என்றால் முதலில் சில மாதங்கள் உணவையும் பழக்கத்தையும் மாற்றிப் பார்ப்பார்கள். இறங்கவில்லை என்றாலோ, இரண்டாம் நிலையில் இருந்தாலோ, சிறுநீரக நோயோ சர்க்கரையோ இருந்தாலோ, இதயம் பாதிக்கப்பட்டிருந்தாலோ மாத்திரை தேவைப்படும். எனலாப்ரில், அம்லோடிபின் போன்றவற்றைப் பிள்ளையின் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, பாட்டிக்குக் கொடுத்த பிபி மாத்திரையில் பாதியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. இரண்டு, 'இப்ப நார்மல் ஆயிடுச்சு' என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான் என்றால், நிறுத்தியதும் மறுபடி ஏறும். மூன்று, எனலாப்ரில் வகை மாத்திரைகள் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு இதை எழுதும்போது அம்மாவும் மகளும் மருத்துவரிடம் இதைப் பற்றித் தயங்காமல் பேச வேண்டும்.

முகையூரிலிருந்து எங்கே போவது?

2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே என்ற தேசியச் சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வர வேண்டும். அந்தத் திட்டம் தொடங்கியபோது தேடச் சொன்ன 30 வகைக் குறைபாடுகளில் சிரங்கு உள்ளிட்ட தோல் நோய்கள் இருந்தன, வாதக் காய்ச்சலால் வரும் இதய நோய் இருந்தது. உயர் ரத்த அழுத்தம் தனியாக இல்லை. எனவே, குழு வரும் நாளில் 'என் பிள்ளைக்கு பிபியும் பாருங்க' என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். குழந்தைகள் நல மருத்துவர் வேண்டும் என்றால் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனம் பக்கம் இருப்பவர்களுக்குத் திண்டிவனம் அரசு மருத்துவமனை. அதற்கு மேல் சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர் அல்லது குழந்தைகளுக்கான சிறுநீரகப் பிரிவு உள்ள சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

வலிப்பு வந்தால் கையில் சாவியையோ இரும்பையோ திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருபக்கமாகப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போனதும், 'பிபியும் பார்த்தீங்களா?' என்று கேளுங்கள்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

*வீட்டில் அப்பாவுக்கு வாங்கிய மெஷினில் பிள்ளைக்குப் பார்க்கலாமா?*

மெஷினோடு வந்த பட்டை பிள்ளையின் கைக்குப் பொருந்தினால் மட்டும். மருத்துவமனைக்கு மெஷினையே கொண்டுபோய், அங்கே எடுக்கும் அளவோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் எடுத்த எண்ணை மட்டும் வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

*தலைவலி என்றால் பிபிதானா?*

பெரும்பாலும் இல்லை. கண்பார்வைக் குறைபாடு, தூக்கமின்மை, பசி, சைனஸ் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அடிக்கடி தலைவலி சொல்லும் பிள்ளைக்குக் கண்ணாடி கடைக்குப் போகும் முன்னால் ஒருமுறை பிபியும் பார்த்துவிடுவது நல்லது.

*வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டுமா?*

காரணத்தைப் பொறுத்தது. சிரங்குக்குப் பிறகு வரும் சிறுநீரக வீக்கத்தில் சில வாரங்களில் பிபி இறங்கிவிடும். பெருந்தமனிச் சுருக்கத்தை அறுவை சிகிச்சை மூலம் சரிசெய்யலாம், அதன் பிறகும் பிபியைக் கண்காணிக்க வேண்டும். எடையால் வந்த பிபி, எடை குறைந்தால் பலருக்கு இறங்குகிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தால் நீண்ட காலம் தேவைப்படும். ஆனால் அந்த மாத்திரைதான் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறது.

*கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்?*

சிறு வயதில் அதிகமாக இருக்கும் பிபி, பெரியவர்களான பிறகும் தொடர வாய்ப்பு அதிகம். இதயம், சிறுநீரகம், கண், மூளை ஆகியவை முன்கூட்டியே பாதிக்கப்படலாம்.

அடுத்த முறை சளி, காய்ச்சல் என்று பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது எடை, உயரத்தோடு பிபியும் பார்க்கச் சொல்லுங்கள். தேதியோடு அந்த எண்ணைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கமோ ஒரு நோட்டிலோ எழுதி வையுங்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு வரி சேர்ந்தால், பிள்ளையின் பிபி வயதோடு இயல்பாக வளர்கிறதா, வேகமாக ஏறுகிறதா என்பது மருத்துவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.